சிக்னல் செத்த நாளில் சொதி ஏற்றிப் போனேன்

ஆட்டோக்காரனுக்குச் சிவப்பு விளக்கைக் கண்டால் எரிச்சல் வரும். எந்த விளக்குமே எரியாத சந்திப்பைக் கண்டால் சாமி நினைப்பு வரும். என்னோடு சேர்ந்து ரோட்டில் சீரழிகிற கூட்டாளிகளே, உங்களுக்கும் நடந்திருக்கும், கேளுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள், மழைக்காற்றில் டவுனிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ஒரு சிக்னலும் எரியவில்லை. என் வண்டியில் கல்யாணச் சமையல்காரர் தவசுப்பிள்ளை அண்ணாச்சி, பக்கத்தில் ஒரு அண்டா சொதி. மறுவீட்டு விருந்துக்கு அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு இல்லாமல் நம் பக்கம் இலை போட முடியுமா? மாப்பிள்ளையின் அப்பாவோ, உப்புச் சரியில்லை என்று ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் இலையை மூடிவிட்டு எழுந்தவர். இன்றைக்கும் மூடினால் அண்ணாச்சியின் பேர் அதோடு சரி. அண்ணாச்சியோ பந்திக்கு முந்தி ஒரு சொட்டு நாக்கில் வைக்கமாட்டார். வாசம் பிடித்தே உப்பு சொல்கிறவர்.

முன்னால் போனவன் வால்

முதல் சந்திப்பில் நான் எல்லாரும் செய்கிற காரியத்தைச் செய்தேன். முன்னால் போன லோடு ஆட்டோவின் வாலைப் பிடித்து நுழைந்தேன். அவன் போய்விட்டான். பக்கவாட்டில் ஒரு பஸ் வந்து, என் கண்ணாடியில் மூச்சு விட்டு நின்றது.

நான் போட்ட பிரேக்கில் அண்டா மூடி தெறித்து, சொதி எழும்பி, பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையடித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், டிரைவர் வைப்பர் போட்டார், இரண்டு முருங்கைக்காய் இடமும் வலமும் ஆடின. திட்டுவதற்கு இறங்கிய கண்டக்டர் கண்ணாடியை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஏ அண்ணாச்சி, உப்பு ஒரு கை கம்மிவே!"

நீங்க போங்க

அடுத்த சந்திப்பில் புத்தி வந்து முழுசாக நின்றேன். எதிரே ஸ்கூட்டரில் ஒரு பாய், இந்தப் பக்கம் வேன், அந்தப் பக்கம் கார். நான் கையைக் காட்டி, "நீங்க போங்க" என்றேன். மூன்று பேரும் எனக்குக் கை காட்டினார்கள். நம்ம ஊர் மரியாதை, யார் முந்துவது? கொஞ்ச நேரம் கையாட்டிவிட்டு நாலு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம்!

நாலு வண்டியும் நடுவில் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. பாய்க்கு முகம் வெளிறிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டே என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, மரியாதையைக் கையில காட்டாதேயும், முதல்ல வந்தவன் முதல்ல போவட்டும்!"

வண்ணார்பேட்டையில் பந்தி

ஆற்றுப் பாலம் தாண்டினால் வண்ணார்பேட்டை. போலீசும் இல்லை, விளக்கும் இல்லை. நாலு பக்கமும் பஸ் உறுமுகிறது. வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியைக் காணோம். நடுரோட்டில் நிற்கிறார், கையில் சொதி விளம்புகிற நீளக் கரண்டி!

"அந்த வரிசை அப்படியே இருங்க! இந்த வரிசை பைய எந்திரிச்சு வாங்க! ஏலே, பந்தியில பாயுத மாதிரி பாயாதலே!"

பஸ்ஸெல்லாம் இலைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி அடங்கிவிட்டது. வரிசைக்கு வரிசை விட்டார். எங்கள் வரிசையையும் விட்டார். மூச்சிரைக்க ஓடி வந்த போலீஸ்காரர், "யாருவே நீரு?" என்று வாய் பிளந்தார். ஆட்டோவில் ஏறிக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "முதல் பந்தி முடிஞ்சிட்டு, அடுத்த பந்திக்கு நீங்க விளம்புங்க."

இலை

மண்டபத்தில் அண்ணாச்சி அண்டாவைத் திறந்து, சிந்தியது போக மிஞ்சிய சொதியைக் குனிந்து முகர்ந்தார். மூக்கு, உப்புச் சரி என்கிறது. கண்டக்டர் நாக்கு, கம்மி என்கிறது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் மூக்கைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய். இரண்டாம் வாய். இலை மூடவில்லை, இன்னொரு கரண்டி கேட்டார். "உப்பு கச்சிதம்வே. யாரு ருசி பார்த்தா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஒரு பஸ் கண்டக்டர்."

அன்றிலிருந்து, விளக்கு செத்திருந்தால் நாலு பக்கமும் சிவப்பு என்று நினைத்து நின்று, என் வரிசை வந்த பிறகுதான் நகர்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் ருசி தெரிந்த கண்டக்டர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாதே.