செவ்வாய்க்கிழமை நடை

பிள்ளைகளா, நாங்கள் எப்போது முதன்முதலில் நடந்தோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மாவைக் கேட்டால் சிரிக்கிறாள். அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

தி.நகர் புடவைக் கடையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அள்ளும். எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை. பாப்பா, நீ குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், முதல் எட்டு வைத்ததும் எல்லாமே மற்ற நாட்களில். நான் புடவை மடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா போனில் சொல்வாள். எதிரே கஸ்டமர் இருப்பார்கள். "சரி, சரி" என்று மட்டும் சொல்வேன். குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, நடந்தால் பாயசம், நம் மாடியில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது வழக்கம். எனக்கான பங்கை அம்மா மூடி வைத்திருப்பாள். நீ வளர்ந்ததை நான் தின்றுதான் தெரிந்துகொண்டேன்.

தம்பி கட்டிலைப் பிடித்து நிற்க ஆரம்பித்ததும் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இவன் முதல் நடையையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும். தினமும் கிளம்பும்போது சொல்வேன்: "செவ்வாக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ நைனா."

"அவன் இன்னா உங்க கடை ஆளா, லீவு பாத்து நடக்க?" என்பாள் அம்மா.

ஊசி போட்ட நர்ஸம்மாவிடமும் கேட்டேன். "ஒவ்வொரு கொழந்தையும் அது அது நேரத்துலதான் நடக்கும், அவசரப்படுத்தாதீங்க" என்றார். நான் எங்கே அவசரப்படுத்தினேன்? தள்ளிப்போடத்தான் பார்த்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எதிர்வீட்டு அக்கா ஒரு வேலையும் இல்லாமல் நம் வாசலில் வந்து நின்றார். ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி கட்டிலை விட்டான். ஆடினான். ஒரு காலைத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, வைத்தான். பிறகு மளமளவென்று வந்து என் மடியில் விழுந்தான். சட்டையெல்லாம் எச்சில். அவனைத் தூக்கிக்கொண்டு, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று எல்லோரையும் கேட்டேன்.

அப்போது, பாப்பா, நீ சொன்னாய்: "நேத்தே நடந்துட்டாம்ப்பா. அம்மாதான் சொல்லக்கூடாதுன்னாங்க."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"போச்சு," என்றார் எதிர்வீட்டு அக்கா. "நேத்துலேர்ந்து மாடி பூரா வாயக் கட்டிக்கினு கீறோம்ண்ணே. வாசனையில கண்டுபுடிச்சிடுவீங்கன்னு பாயசங்கூட வெக்கல. இது ஒரு நிமிசத்துல போட்டு ஒடச்சிடுச்சு."

என் முகம் வாடியிருக்க வேண்டும். நீ பெரிய மனுஷி மாதிரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"நேத்து டிவியாண்ட போனாம்ப்பா. உங்களாண்ட இன்னிக்கித்தான் வந்தான்."

அக்கா முதலில் சிரித்தார், பிறகு அம்மா. கடைசியில் என்னால்தான் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. எனக்காக ஒரு மாடியே வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

சேமியாவும் பாலும் வாங்கி வந்தேன். பாயசம் ஆனதும் அம்மாவும் நீங்கள் இருவரும் கிண்ணங்களோடு வீடு வீடாகக் கிளம்பினீர்கள். நான் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். கைகளை விரித்துக்கொண்டு, தம்பி மாதிரியே ஆடி ஆடி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரை நடந்துபோய், வெயிலில் காய்ந்த போர்வைமேல் முகத்தோடு விழுந்தேன்.