கன்னத்தில் கரிப்பொட்டு

மின்கலத்தின் நேர்முனைப் பொருளோடு கார்பன் நுண்குழாய்த் தூளைச் சிறிது கலந்தால், அதனுள் மின்சாரம் தங்குதடையின்றிப் பாயும். மின்சாரக் காருக்கு விரைவில் சார்ஜ் ஏறும். சுங்கை பட்டாணி நகர ஆய்வுக்கூடத்தில் எனக்கு அந்தக் கலவை வேலை. புகையில்லாத சாலைகளுக்காக உழைக்கிறோம் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

அங்கே துப்புரவு வேலை செய்யும் அக்கா, பக்கத்து ஊரான திகாம் பத்துவிலிருந்து வருபவர். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய வாரம், கழிவுப் பெட்டியில் கிடந்த குப்பியைக் காட்டி, அது என்ன தூள் என்று கேட்டார். ஏதோ அவசரத்தில், "வெறும் கரிதான்கா," என்றேன். வேதியியல்படி அது பொய்யும் அல்ல.

சில நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில் கைப்பேசியில் மகளின் படத்தைக் காட்டினார். நான்கு மாதக் குழந்தை. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு; அப்படியொரு கறுப்பு.

"கடை மை வேர்த்தா வழிஞ்சிடும் லா. அன்னிக்குக் குப்பையில கெடந்த உங்க கரிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி எண்ணெயில கொழச்சு வச்சேன், அசையல. பேசாம நீங்க மை கடை போடுங்க தங்கச்சி."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எண்ணெயில் குழைத்தது பறக்காது, துடைத்துவிடலாம். உலர்ந்த தூளுக்குத்தான் பயப்பட வேண்டும். மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கிவிடக்கூடும் என்றுதான் நாங்கள் முகமூடி அணிந்து, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையை நுழைத்து அதைத் தொடுகிறோம்.

"குப்பியத் திறந்தப்ப பாப்பா எங்கக்கா இருந்துச்சு?"

"மடியிலதான். பொகை மாதிரி எழும்புச்சு. வாயால ஊதிவிட்டேன்."

உடனே அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அவர் வீட்டில், ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தோம்; குப்பியை இரண்டு பைகளில் இறுக்கிக் கட்டினேன். கிளினிக்கில் மருத்துவர் குழந்தையின் மார்பில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். தூளின் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதியதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப மூச்சு நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரமும் கொண்டாங்க."

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "பாப்பாவுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றி இறக்கினால் அந்தத் தூள் எப்படி நடந்துகொள்ளும் என்று என்னால் சொல்ல முடியும். நான்கு மாத நுரையீரலில் அது என்ன செய்யும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

"தெரியலக்கா."

அக்கா என் பக்கம் இருந்த தன் தோளில் கிடந்த குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.