பழைய காப்புரிமையும் ஆறு பேர்ச் காணியும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். இரண்டு முறை கொப்பியைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடி, அதன் மேல் பிளேன்டீ கோப்பையை வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு பெயிலானவன் பங்கு வாங்கிய கதையை யார் வாசிப்பார்கள்? சிரிப்பதற்காவது வாசிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.

நான் கண்டியில் டிவி டிஷ் பூட்டுகிறவன். அம்பிட்டிய மேட்டில் என் கால் படாத கூரை குறைவு. மேலே டிஷ்ஷைத் திருப்பி, கீழே வந்து பெட்டியை இணைத்து, ரிமோட்டை வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன். இப்போது வரும் பெட்டிகள் சும்மா படம் மட்டும் காட்டுவதில்லை. பொத்தானை அமுக்கினால் போன நிகழ்ச்சி திரும்ப வரும், புதுப் படம் வாங்கலாம், பாட்டுப் போட்டியில் வாக்குப் போடலாம். நாம் கேட்க, டிவி பதில் சொல்லும்.

அந்தப் பொத்தான்களுக்குப் பின்னால் காப்புரிமை, பேட்டன்ட் என்று ஒன்று இருப்பதைப் போனில் ஒரு வீடியோவில்தான் அறிந்தேன். ஒரு கம்பனி ஒன்றைக் கண்டுபிடித்துப் பதிந்து வைத்துவிட்டால், அதைப் பெட்டிக்குள் வைக்கிற மற்ற எல்லாக் கம்பனியும் அதற்குக் காசு கட்ட வேண்டும். பலமான காப்புரிமை உள்ள கம்பனியின் பங்கை வாங்கிப் போட்டுவிட்டு சும்மா இருங்கள் என்றார் வீடியோக்காரர். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

என் கூட்டாளிக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. அவன் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுத்தர். நாவலப்பிட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இப்போது அம்மாவோடு கண்டியில் ஒரு வாடகை அறையில் இருக்கிறான். நாள் முழுக்க மற்றவர்களின் காணிகளுக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், டைப் பண்ணுவான். அவன் குடும்பத்தில் எவர் பேரிலும் ஒரு பிடி மண் இருந்ததில்லை. அம்பிட்டியவில் ஒரு சின்ன வீடு கட்டப் போதுமான ஆறு பேர்ச் துண்டு ஒன்று அவனுடைய அலுவலகத்தின் மூலம் விலைக்கு வந்தது. சொந்தக்காரர் பென்சன் எடுத்த ஒரு சிங்கள மாத்தையா. இவனுக்காக ஆறு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். இவன் சேர்த்திருந்த பணத்தில் விலைக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அன்றிலிருந்து நான் அவனைக் காணிக்காரர் என்றுதான் கூப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அவன் வரும்வரை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து தேநீர்க் கடையில் காத்திருந்தேன்.

“வாங்க காணிக்காரரே. மாதா மிச்ச சல்லியத் தந்தாங்களா?”

“நீ டீக்காச குடு. அது போதும்.”

போனை அவன் முன்னால் வைத்தேன். “மூணு கம்பனிடா. மூணுமே இந்த ரிமோட் வெளையாட்டுதான். எதோட பேட்டன்ட் பலம்னு பாக்கணும்.”

“எப்புடிப் பாக்குறது?”

“ஒங்க ஆபீசுல எப்புடிப் பாக்குறீங்க? ஒரே காணிக்கு ரெண்டு பேரு உறுதியத் தூக்கிக்கிட்டு வந்தா?”

“பழைய உறுதிதான் நிக்கும்.”

“அப்ப பாருங்க ஐயா.”

அவன் பையிலிருந்து தாளை எடுத்துக் கோடு போட்டான். காணிப் பதிவுக் கந்தோரில் பழைய புத்தகங்களைப் புரட்டிப் பின்னோக்கிப் போவது போலவே, ஒவ்வொரு காப்புரிமையும் பதிந்த தேதியைத் தேடித் தேடி எழுதினான். டீ ஆறிப்போனது. மூன்றாவது கம்பனியின் தேதிகள்தான் எல்லாவற்றிலும் பழையவை.

“நாம ஸ்கூல்ல ரெண்டாம் ஆண்டு படிச்ச காலத்துல பதிஞ்சதுடா இது. இதுக்கு முன்னுக்கு எவனும் இல்ல,” என்றான். அவன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

துபாயில் இருக்கும் என் அண்ணன் அங்கிருந்து போனிலேயே பங்கு வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டார். நான் இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டேன். அவன் காணிக்குச் சேர்த்திருந்த எல்லாவற்றையும் போட்டான். பாதியைக் கையில் வை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பகிடி வந்துவிட்டது. பகிடியைத்தான் சொன்னேன்.

முதல் இரண்டு மாதம் விலை கொஞ்சம் ஏறியது. “காணிக்காரரே, வாசல் கேட்டு தகரமா இரும்பா?” என்று கேட்டேன்.

“அம்மாவுக்கு வாசல்ல ரோசாக் கன்னு வைக்கணுமாம். அதுக்கு எடம் விட்டுத்தான் கேட்டு,” என்றான். நான் பகிடிக்குக் கேட்டதற்கு அவன் யோசித்துப் பதில் சொன்னான்.

நாலாவது மாதம், அம்பிட்டியவில் ஒரு கூரை மேல் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

“டேய், ஒங்க கம்பனிப் பங்கு விழுந்திருச்சு. அந்தப் பேட்டன்ட் எல்லாம் இருவது வருசத்தோட முடியுதாமே. நீங்க பாக்கலியா?”

“முடியுதுன்னா?”

“முடியுதுன்னா முடியுதுதான். அதுக்குப் பொறகு எவனும் ஓசில போட்டுக்கலாம்.”

காணி உறுதி பழசாகப் பழசாகப் பலம். காப்புரிமை பழசாகப் பழசாகச் சாவுக்குக் கிட்ட. மூன்று கம்பனியில் சாகக் கிடந்ததை நாங்கள் தேடிப் பிடித்து வாங்கியிருந்தோம். அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வேலையை எடுத்து நான் அவன் கழுத்தில் சுருக்காக மாட்டியிருந்தேன். கூரையிலிருந்து பார்த்தால் அந்த ஆறு பேர்ச் தெரியும். கீழே இருந்து வீட்டுக்கார அம்மா, “தம்பி, இன்னும் படம் வரலியே,” என்றார்.

அன்று பின்னேரமே அவனுடைய அலுவலகப் படியில் வைத்துச் சொன்னேன். அவன் அந்தத் தாளை எடுத்து விரித்தான். ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பென்சிலால் இருபதைக் கூட்டி எழுதினான். கடைசி வரி வரைக்கும் எழுதி முடித்தான்.

“வித்தா எவ்ளோ வரும்?”

“போட்டதுல கால்வாசி.”

“அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வராத.”

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அதன் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைக் கடைக்கு வருவதை விட்டான். நான் இரண்டு டீ சொல்லி, இரண்டையும் நானே குடிப்பேன். மாத்தையா சொன்ன ஆறு மாதமும் முடிந்தது. அம்பிட்டியவில் வேலை வந்தால் கூரை மேல் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவேன்.

நேற்று பொறுக்க முடியாமல் அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: “காணிக்காரரே, சாப்டாச்சா?” பழக்கத்தில் விரல் அப்படி எழுதிவிட்டது. அந்தச் சொல்லைப் பார்த்து நான் அதை அழிப்பதற்குள் அவன் வாசித்துவிட்டான். பதில் வந்தது.

“அந்தக் காணி உறுதிய இன்னைக்கி நான்தான்டா டைப் பண்ணேன், வேற ஒருத்தர் பேருக்கு.”