ஈசானி மூலைக் கிணறு

சேக்காட்டில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே மனை வாங்கி வீடு கட்டியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. என் கிணற்றைக் கெடுத்தவர் அவர். அதை இன்றுவரை அவர் ஒப்புக்கொண்டதில்லை.

யுத்த காலத்தில் பட்டணத்தில் குண்டு விழும் என்று பலர் எங்கள் பக்கம் ஓடிவந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஆவடிப் பட்டாளத்துக்குப் பக்கத்திலேயே வந்து குடியேறிய புத்திசாலிகளில் அவரும் ஒருவர். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களைப்போல் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைமேட்டுக்குப் போக அவரால் முடியாது. எடுப்புக் கக்கூஸ் வைத்தால் தோட்டி தினமும் வரவேண்டும், அதுவும் பிடிக்காது. அதனால் வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டி, வெளியே செப்டிக் டாங்க் போட்டார். சுற்று வட்டாரத்தில் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அதைக் கட்டிய கொத்தனார் முத்தாபுதுப்பேட்டையில் பட்டாளத்துக் கட்டடங்களில் வேலை பார்த்தவர். நான் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவார். எனக்குப் புது ஆளிடம் வாய் வராது. அவர் பேசுவார், நான் கேட்பேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்தே, இட்லி மாவு மாதிரி உள்ளாற அதுவா புளிச்சுக் கரையணும். மேல ஆடை கட்டும், கீழ வண்டல் எறங்கும். நடுவுல கீற தண்ணி மட்டும்தான் மண்ணு உறிஞ்சுற குழிக்குப் போவணும்."

வண்டல் ஏறுகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து கோல் விட்டுப் பார்க்கவேண்டும், அதிகமானால் அள்ளிவிடவேண்டும் என்றார். பினாயில் கொட்டினால் புளிப்பு செத்துப்போகும். குளிக்கிற தண்ணீரை அதில் விடவே கூடாது. விட்டால் கரைவதற்குள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்க் குழியை அடைத்துவிடும். கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நின்று குடுகுடுவென்று சத்தம் போட்டாலோ, குழியைச் சுற்றிக் கோடையிலும் புல் பச்சையாக நின்றாலோ, கெட்டுவிட்டது என்று அர்த்தம். இத்தனையும் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறார். உறிஞ்சுகுழியை என் கிணற்றை விட்டுத் தள்ளி, தெற்கே வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். கக்கூஸும் குழியும் வடமேற்கே வாயு மூலையில்தான் இருக்கவேண்டும், மனையடி சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

அவருடைய வாயு மூலை எங்கள் வேலி ஓரம். வேலிக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு அடியில் என் கிணறு. எங்கள் மனைக்கு அது வடகிழக்கு, ஈசானி மூலை. எங்கள் பெரியவர்களும் சாஸ்திரம் பார்த்துத்தான் தோண்டியிருக்கிறார்கள். ஆக, இரண்டு வீடும் சாஸ்திரப்படி சரி. சாஸ்திரம் எழுதியவர்கள் பக்கத்து மனையை நினைத்துப் பார்க்கவில்லை.

கொத்தனார் குளியலறைத் தண்ணீருக்குத் தனியாக வாய்க்கால் வைத்து வாழைக்கு விட்டிருந்தார். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு அந்த வீட்டு அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தீட்டுக் குளித்த தண்ணீரில் வளர்ந்த வாழையின் இலையில் எப்படிச் சாப்பாடு போடுவது, படையல் எப்படி வைப்பது என்று. வாய்க்காலை அடைத்து அந்தத் தண்ணீரையும் டாங்கில் திருப்பிவிட்டார்கள். செவ்வாய், வெள்ளி, புதன், சனி என்று ஆணும் பெண்ணும் மாறி மாறி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடு. எண்ணெய்ப் பிசுக்கும் சீயக்காய்ச் சக்கையும் அண்டா அண்டாவாகத் தண்ணீரும் அதற்குள் போயின.

மறு சித்திரையில் ஊரே காய்ந்து கிடந்தபோது அவர் குழிமேல் மட்டும் கோரை முழங்கால் உயரம் நின்றது. அந்த அம்மாள் அதைப் பார்த்து மண்ணின் ராசி என்று என் மனைவியிடம் பெருமைப்பட்டாள். அவர்கள் வீட்டுக் குடுகுடு சத்தம் எங்கள் தொழுவம் வரை கேட்டது. மூடியைத் திறந்து பாருங்கள் என்று சொல்ல மூன்று நாள் வேலிவரை போனேன். அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஐப்பசி மழையில் கிணறு ஏறியது. தண்ணீரில் ஒரு வீச்சம். சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, கண் உள்ளே போய், பதினோரு நாள் பாயில் கிடந்தாள். பிழைத்ததே பெரிது. அதன்பிறகு அரைமைல் நடந்து ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து குடிதண்ணீர் சுமந்தாள் என் மனைவி. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. என் மாட்டுத் தொழுவம் கிணற்றிலிருந்து எத்தனை எட்டு என்று என்னைத்தான் விசாரித்தார். தன் டாங்க் வெள்ளைக்காரன் பிளான்படி கட்டியது, அதிலிருந்து ஒரு சொட்டு வெளியே வராது என்றார்.

"மாடு எங்க மாமனார் காலத்துலேர்ந்து அங்கத்தான் கீது. தண்ணி இப்பத்தானே நாறுது?" என்றாள் என் மனைவி.

பெண்பிள்ளையோடு பேசமுடியாது என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கார்த்திகையில் அவர் வீட்டில் ஒரு திதி வந்தது. வீடெல்லாம் கழுவிவிட்டுக் கக்கூஸில் ஒரு முழு டின் பினாயிலைக் கொட்டியிருக்கிறார்கள். ஆறாம் நாள் காலையில் நான் இறைத்த முதல் வாளியில் பினாயில் வாடை அடித்தது. எங்கள் வீட்டில் பினாயில் வாங்கியதே கிடையாது. ஒரு செம்பில் மொண்டுகொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை என்னை யாரும் இழுத்துப் போகவில்லை.

செம்பை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"அப்ப குடிங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் அவரிடம் வாழ்நாளில் எதிர்த்துப் பேசியது. அவர் அதை வாங்கவில்லை. குரலை இறக்கி, "வாயு மூலையை நான் மாத்த முடியாது. கிணத்தை நீ வேணா மாத்திக்கோ" என்றார். செம்பை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மாற்றுவதற்கு எனக்கு இருந்த ஒரே இடம் அவர் குழிக்கு எட்டாத கன்னி மூலை. தென்மேற்கில் கிணறு தோண்டுவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. என் சித்தப்பா வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கன்னி மூலையில பள்ளம் எடுத்தா ஊட்டுக்காரன் தங்கமாட்டான் நைனா."

"இந்தத் தண்ணியக் குடிச்சா மட்டும் தங்குவாரா மாமா?" என்றாள் என் மனைவி.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். தோண்ட முடிவு செய்துவிட்டேன். உள்ளூர் ஆட்கள் அந்த மூலையில் கடப்பாரை வைக்கமாட்டோம் என்று நின்றதால் நூம்பலிலிருந்து ஆள் கூட்டிவந்தேன். எனக்குள்ளும் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இருபத்திரண்டு அடியில் ஊற்று கண்டது. என் மனைவி கலங்கல் தெளியும்வரை ஒரு பகல் காத்திருந்து, முதல் செம்பை எனக்குத் தராமல் தானே குடித்தாள். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

பழைய கிணற்றைத் தூர்க்க மண் போதும். ஆனால் நான் கருங்கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வந்தேன், ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்கும் அளவு. உச்சி வெயிலில், அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும் நேரத்தில், ஒவ்வொன்றாகப் போட்டேன். கல் தண்ணீரில் விழும் சத்தம் அவர் வீட்டுச் சுவரில் அடித்துத் திரும்பிவந்தது. ஏழாவது கல்லுக்கு அவர் வெளியே வந்து வேலியோரம் நின்றார். நான் நிமிரவில்லை. குனிந்து எட்டாவது கல்லை எடுத்தேன்.