எட்டுச் சாட்சிகள்

லுஸ்மிந்தாவின் கல்யாணத்தில் நாங்கள் எட்டுப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். எட்டாவது ஆள் நான். எங்கள் தீவில் கல்யாணச் சாட்சி என்றால் லேசுப்பட்ட உறவில்லை. ஆண் சாட்சி நினோங், பெண் சாட்சி நினாங். தம்பதிக்கு இரண்டாவது அப்பா, அம்மா. அதனால் ஊரில் செல்வாக்கு உள்ளவர்களாகப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். ஊர்த் தலைவர், போலீஸ் சார்ஜண்ட், தலைமையாசிரியை, அப்புறம் ஊர்க் கவுன்சிலரான நான் எல்லாரும் உண்டு. பெரிய ஆட்கள் பின்னால் இருந்தால் மகளுக்கு ஒரு குறையும் வராது என்று மிந்தாவின் அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

மிந்தா கருவாட்டுக் களத்தில் வேலை செய்கிறவள். மீனை முதுகுப் பக்கம் கீறி, விரித்து, மூங்கில் தட்டியில் பரப்புவாள். அந்தக் கைவேகம் களத்தில் வேறு யாருக்கும் கிடையாது. முன்பெல்லாம் வாயும் அதே வேகம்தான். "நினாங், உங்க கவுன்சில் கூட்டத்த இங்க வந்து நடத்துங்க. நாத்தத்துல அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று என்னையே கிண்டல் செய்வாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அந்த வாய் அடங்கிப்போனது. கூப்பிட்டாலும் திரும்பாமல் போனாள். திமிர் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலை, ஊராட்சிப் புகார் நோட்டை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வரும்படி எனக்கு ஆள் வந்தது. கணவன் ரொடெல் அடிக்கிறான், அவனை வீட்டுப் பக்கமே விடக் கூடாது என்று மிந்தா பாதுகாப்பு உத்தரவு கேட்டிருந்தாள். ரொடெல் கடலுக்குப் போயிருந்தான். சாயங்காலம் படகு வந்துவிடும். அவள் நீதிமன்றம் போன சேதி கரையிலேயே அவன் காதில் விழும். உத்தரவு அதற்கு முன்னால் வந்தாக வேண்டும்.

நீதிபதியம்மாள் மேஜைமேல் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று கல்யாணப் பத்திரம். இன்னொன்று, இதுவரை யார் யாரிடம் முறையிட்டாள் என்று மிந்தா எழுதிக் கொடுத்தது.

"ரெண்டுலயும் அதே எட்டுப் பேரு இருக்கே. வரிசைகூட மாறல. தவறுதலா பாத்து எழுதிட்டியாம்மா?"

"இல்லீங்கம்மா. கல்யாணப் பத்திரத்த கையில வெச்சுக்கிட்டுத்தான் வீடு வீடா போனேன். ஒருத்தர் திருப்பி அனுப்பினா அடுத்த பேரு."

அவன் அடிப்பதை முறையிட என்னை நம்பி முதலில் என்னிடம்தான் வந்தாள் என்று அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏழு பேர் கைவிட்ட பிறகு வந்திருக்கிறாள்.

"எட்டாவது, பெர்பெத்துவா. இருக்காங்களா?"

எழுந்தேன்.

"உங்ககிட்ட வந்தப்போ என்ன சொன்னீங்க?"

நோட்டில் 'சமாதானம் செய்து அனுப்பப்பட்டது' என்று என் கையால் எழுதியிருந்தது. அதைப் படித்தேன். நீதிபதி விடவில்லை. "என்ன சமாதானம்?"

"அவனுக்குப் பிடிச்ச பன்சித் நூடுல்ஸ் செஞ்சு போடு, எதுத்துப் பேசாத, எல்லாம் சரியாயிடும்னு சொன்னேங்க."

என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. நீதிபதி டாக்டர் சான்றிதழைப் படித்தார். இடது காது சவ்வு கிழிந்து ஒரு வருடம் ஆகிறது. அந்தக் காது கேட்காது. பிறகு கையெழுத்துப் போட்டார். படகு வந்ததும் ஊராட்சி ஆளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். நான் கை தூக்கினேன்.

வெளியே வந்ததும், "மன்னிச்சுடு மிந்தா" என்றேன். அவள் பாட்டுக்கு நடந்தாள். ஓடிப்போய் வலது பக்கம் சேர்ந்துகொண்டு மறுபடி சொன்னேன்.

"அன்னைக்கி ஒரு மணி நேரம் புத்தி சொன்னீங்களே நினாங், இடது பக்கமா உக்காந்து? பாதி கேக்கவே இல்ல. பெரியவங்களாச்சேன்னு தலையாட்டிட்டு இருந்தேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள்.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரரோடு கரையில் நின்றேன். படகிலிருந்து குதித்த ரொடெல் நேராக வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதையாக என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். அவன் விரல்கள் என் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டு காகிதத்தை நீட்டினேன்.

படித்துவிட்டு அவனும் சிரித்தான். "வீட்டுக்குப் போகக் கூடாதுன்னா எங்க போவேன் நினாங்? நீங்கதான் எனக்கு ரெண்டாவது அம்மா. உங்க வீட்டுல ஒரு பாய் போட்டுக் குடுங்க, போதும்."

அவள் வீட்டுக்கு இருநூறு மீட்டருக்குள் வரக் கூடாது என்று உத்தரவில் இருந்தது. என் வீடு அவள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி.

"என் வீட்டுக்கும் வரக் கூடாது."

"நினாங்!"

"இங்க கையெழுத்துப் போடு."

போட்டான். கொடுத்தவர் என்ற இடத்தில் நான் போட்டேன். அவர்கள் கல்யாணப் பத்திரத்தில் அன்று நான் போட்டது மாதிரி அழகாக வரவில்லை.