மைதாவுக்கு முட்டை கொடுக்கச் சொன்னது யார்?

பிராணிகள் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்காருகிறவளுக்கு வருகிற கேள்விகளில் பாதி, நாய் கடித்தால் என்ன செய்வது என்பது. மீதிப் பாதி, பூனைக்கு முட்டை கொடுக்கலாமா என்பது.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக அந்த மேஜை என்னுடையது. சீட்டு எழுதுவது, போன் எடுப்பது, ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது, கூண்டு கழுவுவது எல்லாம் நான்தான். எங்கள் டாக்டர் தங்கமான மனுஷன். யாரையும் அதட்ட மாட்டார். அவர் பேசாமல் விட்டதையும் சேர்த்து நான் பேசிவிடுவேன். என் பெயர் ஜெசிந்தா. வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் வேறு. அதுவும் என் காதுக்கு வந்திருக்கிறது.

பூனையோடும் பூனைக்காரர்களோடும் மாரடிக்கிற என் சக பாவப்பட்டவர்களே, இது போன தவக்காலத்தில் ஒரு வாரத்தில் நடந்தது. அந்த வாரம் முழுக்க ஒரு பூனை எங்கள் கூண்டில் பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வெளுத்துப்போன ஈறு

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறக்கும்போதே படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மாவு மூட்டைச் சாக்கு. சாக்குக்குள் ஒரு வெள்ளைப் பூனை. பழனி ரோட்டில் பரோட்டாக் கடை போட்டிருக்கும் தங்கவேல் மாஸ்டர் அவர். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள், பேச்சில் அந்த மரியாதை இருந்தது. பூனையின் பெயர் மைதா. குட்டியில் மாவு மூட்டைக்குப் பின்னால் கிடைத்ததாம். அதைத் தவிர வீட்டில் அவருக்கு வேறு யாரும் இல்லை என்று டாக்டர் கேட்டபோது சொன்னார்.

மைதா தலையைத் தூக்கவில்லை. டாக்டர் அதன் உதட்டை விலக்கிக் காட்டினார். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. மூத்திரம் பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறத்தில் போகிறதாம். உடம்பில் ரத்தம் உடைந்துகொண்டே இருக்கிறது, இன்னும் இறங்கினால் வேறு பூனையின் ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்கு மதுரைக்குப் போக வேண்டும், இது இருக்கிற நிலையில் மதுரை வரைக்கும் தாங்காது என்றார் டாக்டர். எலி மருந்து தின்றதா, மாத்திரை ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். ஒரு மாசமாக முட்டைதான் கொடுக்கிறேன், தினமும், வேறு ஒன்றும் பெரிசாகத் தின்பதில்லை என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். தினமும் முட்டையே சாப்பாடா? பூனைக்கு மீன் வேண்டாமா, கறி வேண்டாமா? முட்டை என்பது எப்போதாவது ஆசைக்குக் கொடுக்கிற பண்டம் இல்லையா? யாரைக் கேட்டு இப்படிச் செய்தீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். மனுஷன் நிமிரவே இல்லை. சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்:

"கேட்டுத்தானுங்க குடுத்தேன்."

ஜிம் பூனை

மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக மைதாவின் உதட்டை விலக்கிப் பார்த்தேன். அதே சுண்ணாம்பு. மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஜிம் நடத்துகிற ஒரு தம்பி சாம்பல் நிறப் பூனையோடு வந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். பூனைக்கு நிற்காத பேதி. வாலடியெல்லாம் நாற்றம்.

என்ன கொடுத்தாய் என்றேன். பச்சை முட்டையாம். காலையில் அவன் தனக்கு உடைத்து ஊற்றும்போது அதற்கும் ஒன்று, பாலில் கலந்து. முடி மினுமினுக்க வேண்டுமாம்! பச்சை முட்டையில் கிருமி இருந்தால் பேதி பிடுங்கும், பாலும் பெரும்பாலான பூனைக்குச் சேராது, போதாததற்குப் பச்சை வெள்ளைக்கரு தினமும் உள்ளே போனால் முடிக்கு வேண்டிய சத்தையே உடம்பில் சேரவிடாது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அதாவது மினுமினுப்புக்குக் கொடுத்தது கடைசியில் இருக்கிற முடியையும் கொட்ட வைக்கும். நான் நிதானமாகச் சொல்லவில்லை. உன் உடம்பை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள், வாயில்லாத ஜீவனை ஏன் படுத்துகிறாய் என்றேன். அவன் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"வேக வச்சா சத்துப் போயிரும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்கக்கா. அது ஆளுக்குச் சொன்னாங்களா, பூனைக்குச் சொன்னாங்களான்னு நான் பாக்கலக்கா."

மிளகு போடாத கலக்கி

அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு டாக்டர் மாஸ்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார். முட்டையை எப்படிக் கொடுப்பீர்கள்? பதினோரு வருஷம் மேஜையில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. முட்டை என்றால் முட்டைதானே என்று இருந்துவிட்டேன்.

மாஸ்டரின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான். ராத்திரிக் கடைக்கு அடுப்பு பற்றவைத்ததும் முதல் கலக்கி மைதாவுக்குத்தானாம். முட்டையை உடைத்து, சால்னாவை ஊற்றி அடித்து, கல்லில் விட்டு, முக்கால் வேக்காட்டில் சுருட்டி எடுத்து, ஆற வைத்து, வாழை இலையில் வைப்பாராம். நம் ஊரில் பரோட்டாக் கடைக்குப் போகிற யாருக்கும் அதைக் கேட்டால் நாக்கில் எச்சில் ஊறும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சால்னாவில் பாதி வெங்காயம். அரைத்த வெங்காயம், வதக்கிய வெங்காயம், கூடவே பூண்டு. நமக்கு அது ருசி, பூனைக்கு அது விஷம். பூனையின் ரத்தத்தை வெங்காயம் உடைத்துவிடும், வேக வைத்தாலும் விடாது. ஒரு மாசமாக ஒவ்வொரு கரண்டியாக அது உள்ளே போயிருக்கிறது. நான் எழுந்து நின்றுகொண்டு கத்தினேன். எந்தப் புத்திகெட்ட ஜென்மம் உங்களுக்கு முட்டை கொடுக்கச் சொன்னது, ஆளைக் காட்டுங்கள், நான் கேட்கிறேன் என்றேன். டாக்டர் என்னைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினார். மாஸ்டர் ஆளைச் சொல்லவில்லை. கூண்டைப் பார்த்துக்கொண்டு டாக்டரிடம்தான் பேசினார்:

"காரம் ஆகாதுன்னு மிளகுகூடப் போட மாட்டேனுங்க. சால்னா மட்டும் ஒரு கரண்டி சேத்து ஊத்துவேன், அதுக்கு அதுதான் பிரியமுங்க."

டீச்சர் வீட்டுத் தவக்காலம்

புதன்கிழமை மைதா சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ட்ரிப்ஸ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஈறு முந்தின நாளைவிட மோசம். இன்று ராத்திரி தாண்டினால் பார்க்கலாம் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

அன்று வந்தவர் எங்கள் மாதா கோயில் பங்கிலேயே இருக்கிற புஷ்பம் டீச்சர். கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர். அவர் வீட்டுப் பூனை எலும்பும் தோலுமாக இருந்தது. என்ன கொடுக்கிறீர்கள் டீச்சர் என்றேன், மரியாதையாகத்தான். பருப்பு சாதமாம், மோர் சாதமாம். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனிலிருந்து வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது, அதனால் பூனைக்கும் கிடையாது. நானும்தான் தவக்காலம் அனுசரிக்கிறேன். நாற்பது நாள் கவுச்சி தொடமாட்டேன். அதற்காக என் வீட்டுப் பல்லியைப் பூச்சி பிடிக்காதே என்று சொன்னேனா? பூனை சைவம் இல்லை டீச்சர், கறி மீன் இல்லாவிட்டால் அதற்குக் கண்ணும் போகும், இருதயமும் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஒரு பக்கம் முட்டை தின்று சாகக் கிடக்கிறது ஒன்று, இன்னொரு பக்கம் முட்டை கிடைக்காமல் காய்கிறது ஒன்று. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? டீச்சருக்கு ஒரு உறுத்தலும் இல்லை. கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார்:

"நாங்க அம்புட்டுப் பேரும் அடக்கிக்கிட்டு இருக்கும்போது அது மட்டும் மீன் தின்னா, அந்த வாசம் பட்டு எங்களுக்குல்ல ஆசை வருது ஜெசிந்தா?"

முச்சந்தி முட்டை

வியாழக்கிழமை காலையில் உதட்டை விலக்கிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கு நடுவில் லேசாக ஒரு ரோஸ். என் கண்ணை நம்பாமல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார். தப்பித்துக்கொள்ளும் போலிருக்கிறது என்றார். மாஸ்டர் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தை ஐந்து நிமிஷம் அனுபவிக்க விட்டார்களா? புதுக் கார் வாங்கிய ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். திருஷ்டி கழிக்க முட்டையைச் சுற்றி முச்சந்தியில் உடைத்தாராம், அதைத் தெருப்பூனை ஒன்று குங்குமத்தோடு நக்கிவிட்டதாம். நான் பதறிப்போய்ப் பூனை எங்கே, வாந்தி எடுத்ததா, எவ்வளவு தின்றது என்று வரிசையாகக் கேட்டேன். இந்த ஊரில் பூனைக்காகக் காரை நிறுத்தி வந்து கேட்கிற ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று நினைத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்:

"பூனைக்கு என்ன ஆகும்னு நான் கேக்க வரலைம்மா. அது நக்கிட்டதால எங்க திருஷ்டி கழிஞ்சதா, இல்ல மறுபடியும் சுத்தணுமா?"

கூடை

சனிக்கிழமை மைதா எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சீறியது. பூனை சீறினால் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்து மருந்தெல்லாம் கட்டிக் கொடுத்தேன். மாஸ்டர் சாக்குக்குப் பதிலாக மூடி போட்ட புதுக் கூடை வாங்கி வந்திருந்தார்.

இனிமேல் என்ன கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மீன், கோழி, வேக வைத்தது, உப்பு மசாலா இல்லாமல். முட்டை வேண்டுமென்றால் ரத்தம் பழையபடி ஊறிய பிறகு, நன்றாக வேக வைத்து, உப்பு எண்ணெய் எதுவும் படாமல், விரல் நுனி அளவு துண்டு, வாரத்தில் இரண்டு நாள். வெங்காயம் பட்ட கரண்டிகூட அதன் பக்கம் வரக்கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் குணம் விடவில்லை. உங்களுக்கு முட்டை கொடுக்கச் சொன்ன அந்தப் புண்ணியவான் யார், இப்போதாவது சொல்லுங்கள், இன்னொரு பூனையாவது பிழைக்கட்டும் என்றேன். ஒரு வாரமாக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன், கூடையை மூடிவிட்டு, டாக்டர் அறைப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பாதயாத்திரை சாமிங்க போறவரைக்கும் எங்க ரோட்டுக் கடையில கவுச்சி வெக்க மாட்டோமுங்க. மைதாவும் இட்லி தின்னு இளைச்சுப் போச்சு. தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் இங்கதான் போன் போட்டேன், நீங்கதான் எடுத்தீங்க. முட்டை குடுக்கலாமுங்களான்னேன், குடுக்கலாம்னு சொல்லிப் போனை வெச்சுட்டீங்க. உங்க மேல தப்பில்லீங்க, எப்படிச் செஞ்ச முட்டைன்னு நானும் சொல்லலைங்களே."

அந்தப் போன் எனக்கு இன்று வரைக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை போன், எத்தனை "கொடுக்கலாம்"! அவர் ஒரு வாரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, யார் அந்தப் புத்திகெட்ட ஜென்மம் என்று நான் கத்தியதையெல்லாம் அந்த ஜென்மத்தின் வாயாலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் மாஸ்டர் என்றேன். அவர், அட விடுங்க, பிழைச்சுக்கிச்சே என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

இப்போதும் பூனைக்கு முட்டை கொடுக்கலாமா என்று யார் போனில் கேட்டாலும் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க எனக்கு முழுசாகப் பத்து நிமிஷம் ஆகிறது.