ஷெர்மாவின் விரல்களும் ஓய்வூதியப் பாடமும்

கல்யாண வீட்டுக்குப் போனால்கூட எதை முதலில் சாப்பிடுவது என்று யோசித்து வைத்துக்கொண்டுதான் ஷெர்மா தட்டை எடுப்பாள். ஆகவே நிதித் திட்டமிடல் சான்றிதழுக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. டிரினிடாட் தீவின் டுனாபுனாவில் ஒரே கடன் சங்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் உட்காருகிறவர்கள் நாங்கள். உள்ளே கண்ணாடி அறையில் ஆலோசகர் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஈஸ்டருக்குள் சான்றிதழ் வாங்கினால் அது அவளுக்கு, இல்லாவிட்டால் வெளியாள் வருவார் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த நாற்காலிமேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

அவள் பாடங்களைப் பிரித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். காப்பீட்டை மழைக்காலத்தில் வைத்தாள், வெளியே எங்கும் போக முடியாது என்பதால். உயில் பாடத்தைக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நவம்பரில் வைத்தாள். “அப்பத்தான்டி மனசு அதுக்குத் தோதா இருக்கும்” என்றாள். எல்லாவற்றிலும் கடினமான ஓய்வூதியப் பாடம் கடைசியில். அதற்காக இந்த வருஷக் கார்னிவல் திருவிழாவுக்குப் பான், அதாவது எண்ணெய்ப் பீப்பாயில் செய்த எங்கள் ஊர் வாத்தியம், வாசிக்கப் போவதில்லை என்றும் முடிவு செய்திருந்தாள்.

“நீயா? வாசிக்காம இருந்துருவியா?” என்று கேட்டேன்.

“ஒரு வருஷம்தானேடி லிஸ்ட்ரா. செத்தா போயிருவேன்?”

நாங்கள் இருவரும் வாசிக்கும் குழுவின் பான் கொட்டகை அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. இவ்வளவு யோசித்தவள் அந்தச் சுவரை மறந்துவிட்டாள். ஜனவரியில் ஒத்திகை ஆரம்பித்ததும் பீப்பாய்களின் சத்தம் சமையலறைத் தட்டுகளையே ஆட்டியது. ஒருநாள் அவளைப் பார்க்க நான் வீட்டுக்குப் போனால், புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்து கிடக்கிறது, இவள் இரண்டு கரண்டிகளால் மேஜையில் வாசித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்.

“இப்படி உக்காந்தா பாடமும் இல்ல, பானும் இல்ல. எந்திரிச்சு வா.”

“திட்டத்துல அது இல்லையேடி.”

“உன் திட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு.”

வந்தாள், புத்தகத்தோடு. எங்களுக்கு இசையமைத்துச் சொல்லிக்கொடுப்பவர் டெஸ்மண்ட், பகலில் வெல்டிங் வேலை. அவரிடம் இசைக்குறிப்புக் காகிதம் கிடையாது. ஒரு வரிசைக்குப் பாட்டில் ஒரு துண்டு வாசித்துக் காட்டுவார், கையில் ஏறும்வரை விடமாட்டார். அதுவரை மற்ற வரிசைகள் சும்மா நிற்க வேண்டும். ஷெர்மா அந்தச் சும்மா நேரத்தில் பானின்மேல் புத்தகத்தை விரித்துப் படித்தாள். கொஞ்ச நாளில் பாடம் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. முதல் துண்டுக்கு, ஆலோசனைக்கு வந்தவரிடம் இருப்பது என்ன என்று கேட்பது. இரண்டாவதுக்கு, அவரை நம்பி யார் யார் என்று கேட்பது. பென்ஷன் பேச்சு அதற்கப்புறம்தான்.

“அம்மா, அது பானா, படிக்கிற மேஜையா?” என்று டெஸ்மண்ட் குத்திக் காட்டுவார்.

“ரெண்டும்தான் அண்ணே. உங்க வேலையைப் பாருங்க.”

கார்னிவல் முடிந்து தேர்வு வந்தது. வீட்டிலேயே கணினி முன்னால் எழுதுவது. எந்த ஊரிலோ இருந்து ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதியில் அவர் நிறுத்தச் சொன்னார். விரல்களால் யாருக்குச் சைகை காட்டுகிறாய் என்று கேட்டார். பாவி, மேஜையில் தாளம் போட்டிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். எழுதி முடிக்க விட்டார்கள், ஆனால் முடிவை நிறுத்தி வைத்து, விசாரணை என்றார்கள். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. கவுண்டரில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள் ஷெர்மா. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. கொட்டகைக்கு இழுத்துப்போனது நான்தானே.

விசாரணைக்கு அவள் பான் வாத்தியத்தையே கணினி முன் நிறுத்தினாள். திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்.

“பாடத்துல எந்த இடத்தை வேணும்னாலும் கேளுங்க மேடம். வாசிச்சுக்கிட்டே சொல்றேன்.”

கேட்டார். இவள் வாசித்தாள், சொன்னாள். அவர் நடுவிலிருந்து கேட்டபோது, “கொஞ்சம் இருங்க, முன்னாடியிலேருந்து வந்தாத்தான் வரும்” என்று முதல் துண்டுக்குப் போய் வந்தாள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈஸ்டருக்கு முன் வியாழக்கிழமை தேர்ச்சி என்று செய்தி வந்தது, அடுத்த முறை கைகளை அசைக்காமல் வைத்திருக்கவும் என்ற குறிப்போடு. நான் கவுண்டரிலேயே அழுதுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் யாரோ செத்துப்போனதாக நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த ஷெர்மாவைத் தேடி முதலில் வந்தவர் டெஸ்மண்ட். வயது அறுபதைத் தாண்டியாயிற்று, ஓய்வுக்கென்று ஒன்றுமே யோசித்ததில்லை. அறைக்கதவு திறந்திருந்தது, நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஷெர்மாவுக்குப் படபடப்பு. அவரிடம் இருப்பதைக் கேட்டுவிட்டு, நேராகப் பென்ஷனுக்குப் போனாள். விரல்கள் மேஜையில் அந்தப் பாட்டின் மூன்றாவது துண்டை வாசித்தன. டெஸ்மண்ட் கையைத் தூக்கினார்.

“நில்லும்மா. ரெண்டாவது துண்டை விட்டுட்ட.”

ஷெர்மா விரல்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“சரி அண்ணே, முதல்லேருந்து வருவோம். உங்களை நம்பி வீட்ல யார் யார் இருக்காங்க?”